முன்வரிசையைக் கொடுத்தவர்களுக்கு

பாரிஸ் விமான நிலையத்தில் அன்று காலை அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதை, சுற்றுலாவில் உடன் வந்த நீங்கள் எல்லோரும் கூடவே இருந்து பார்த்தீர்கள். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. இன்று தானே எழுந்து, "இந்த ஊர் காபியில் பாலைக் கண்ணிலேயே காட்டமாட்டார்களா?" என்று கேட்டார். அம்மா குறை சொல்லத் தொடங்கிவிட்டால் தேறிவிட்டார் என்று பொருள்.

பாளையங்கோட்டை அண்ணாச்சிக்கும் மதினிக்கும் முதல் நன்றி. சுற்றுலாப் பேருந்தில் முதல் நாள் முன்வரிசை கிடைப்பது என்னவென்று வந்தவர்களுக்குத் தெரியும். தினமும் இருக்கை மாறும். முன்னால் இருந்தவர்களுக்கு அந்த முறை மறுபடி வருவதற்குள் பயணமே முடிந்துவிடும். அண்ணாச்சி கண்ணாடியோரம் கேமராவைக்கூடப் பொருத்தி வைத்திருந்தார். நடுக்கதவுப் படிகள் செங்குத்தாக இருக்கின்றன, அம்மாவால் ஏற முடியாது என்று நான் வழிகாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்ததும் அதைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "அம்மா இங்கே உட்காரட்டும், நாங்கள் கடைசியில் வசதியாகக் காலை நீட்டிக்கொள்கிறோம்." கடைசி வரிசை சாயாது, அடியில் எஞ்சின் இரையும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

மதினி போகிற போக்கில் தன் கழுத்துத் தலையணையை அம்மாவின் முதுகுக்கு வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கியிருந்த காலுக்கு அடியில் தன் கைப்பையைத் தள்ளிவிட்டுப் போனார். இருவரின் பாஸ்போர்ட்டும் அதற்குள்தான் இருந்தன என்பது இரவு ஓட்டலில் பையைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

கொன்கார்ட் சதுக்கத்தின் எகிப்தியத் தூணைக் கடந்து ஷான்ஸ் எலிசே சாலையில் திரும்பியதும் வெற்றி வளைவு நேர் எதிரே வளர்ந்துகொண்டே வந்தது. 12 சாலைகள் வந்து கூடும் அந்த வட்டத்துக்குள் பேருந்து நுழைந்தபோது அம்மா என் கையை அழுத்தி, "இது அந்தப் பிள்ளை பார்க்க வேண்டியது. நீயாவது படம் பிடித்துக் கொடு" என்றார். பிடித்தேன். ஆடியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு உரித்துக் கொடுத்த ஈரோட்டு ஆசிரியைகள், பச்சைச் சிலுவை மின்னிய மருந்துக்கடையைத் தேடி ஓடிய தம்பிகள், அங்கே கைச்சாடையிலேயே எல்லாம் புரிந்துகொண்ட பெண்மணி, ஐபிள் கோபுரத்துக்குத் தாமதமாகப் போனதற்கு முணுமுணுக்காத அத்தனை பேர் எல்லோருக்கும் நன்றி. ஓட்டுநருக்குத் தனியாக ஒன்று. அவர் ஓட்டும் நேரமும் ஓய்வும் நிமிடக் கணக்கில் கருவியில் பதிவாகின்றன. பாரிஸில் பேருந்தை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. எங்களால் அவருடைய அட்டவணையே குலைந்தது. இருந்தும், இறங்கும்போது அம்மாவுக்குக் கைகொடுக்கப் படியருகே வந்து நின்றார்.

சொந்தக்காரர்கள் வீட்டுத் திருமணத்தில்கூட முன்வரிசை நாற்காலிக்கு நடக்கும் கூத்தைப் பார்த்தவன் நான். அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

எங்கள் முறைக்கு முன்வரிசை சுவிட்சர்லாந்தில் வருகிறது. அது உங்களுக்கு, அண்ணாச்சி. வழிகாட்டியிடம் சொல்லிப் பட்டியலில் பெயரை மாற்றியாயிற்று. மறுத்தால் அம்மா உங்களோடு பேசமாட்டாராம். ஜன்னலோரம் மதினிக்கு.