பெரிய பங்களாவுக்குத் தகரம் வேண்டும்

தோட்டத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரைமார் குடியிருந்த பெரிய பங்களாவின் பின்பக்கக் கூரை போன மழையில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் தகரம் மாற்றாவிட்டால் சுவரும் தங்காது. அதற்குத்தான் உங்களிடம் கையேந்துகிறோம்.

“துரை இருந்த வீட்டுக்கு நாம் ஏன் காசு போட வேண்டும்? நாம் இருக்கிற லயத்து வரிசை வீடே ஒழுகுதே” என்று குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் எல்லோருமாக ஒருநாள் பங்களாவைச் சுற்றிப் பார்த்தோம்.

1867இல் இலங்கை மலைநாட்டின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தபின், மலைநாடு முழுக்கத் தேயிலை ஏறியது. அந்தத் தேயிலைக் காசில் எழுந்ததுதான் நம் பங்களா. தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இதற்குக் கல் உடைத்து, மரம் சுமந்தார்கள்.

வீட்டைப் பார்த்தாலே கதை தெரியும். கீழே லயமும் ஸ்டோரும் (தேயிலைத் தொழிற்சாலை) கண்ணில் படும்படி மேட்டின் உச்சியில் இடம் பிடித்திருக்கிறார்கள். முன்னால் அகல வராந்தா, புல்வெளி, ஒவ்வொரு பெரிய அறையிலும் குளிருக்குக் கணப்பு. புகையும் நெருப்புப் பயமும் வேண்டாமென்று சமையல்கட்டு தனியாகப் பின்னால். நடுவே கூரை போட்ட நடைவழி. துரை வீட்டுச் சமையல்காரரான அப்பு ஓடி ஓடித் தேய்ந்த கல் அது. குளியலறைக்கு வெளிப்பக்கமாக ஒரு சின்னக் கதவு. மலவாளியை எடுக்க வருபவர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாதாம். அந்தக் கதவின் முன் கேள்வி கேட்ட அக்காவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். “இதை இடிய விடக் கூடாது, பிள்ளைகள் பார்க்கணும்” என்றார்.

சுவர் கருங்கல், சுண்ணாம்புச் சாந்து. இடையில் யாரோ நல்ல எண்ணத்தில் சீமெந்து பூசியிருக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கல் இடுக்கிலுள்ள சாந்து உதிர்கிறது. அதனால் சீமெந்தைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பே பூசப்போகிறோம். வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

கூடவே, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு பழைய லயக் காம்பராவையும் (ஒரு குடும்பம் இருந்த ஒற்றை அறை) இஸ்தோப்போடு (முன்திண்ணை) அப்படியே காப்பாற்றுகிறோம். கம்பளைப் பக்கம் பழைய பீகாக் தோட்டத்தில் லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அதுபோல இங்கே பங்களாவையும் காம்பராவையும் ஒரே நாளில் நடந்து பார்க்கலாம்.

நிர்வாகம் எழுத்தில் அனுமதி தந்துவிட்டது. கூரைக்கும் சுவருக்கும் முதற்கட்டமாக 12 லட்சம் ரூபாய் தேவை. காசாகத் தந்தாலும் சரி, தகரமாகவோ சுண்ணாம்பாகவோ தந்தாலும் சரி. ஒருநாள் சம்பளம் தருகிறோம் என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலர் முன்வந்தார்கள்; அவர்களிடம் வாங்க மனமில்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் முந்திக்கொள்ளுங்கள்.

ரசீது கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கணக்கு மாதாமாதம் கோயில் பலகையில் ஒட்டப்படும். பங்களா வாசலில் எடுத்த பழைய போட்டோ வீட்டில் இருந்தால் அதையும் கொடுங்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பங்களா சீரமைப்புக் குழுவினர்