2025ஆம் ஆண்டுக்கான கால்பந்து ரசிகர் சங்கச் செயலாளர் அறிக்கை: சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கையைத் தமிழில்தான் வாசிக்க வேண்டும் என்பது நம் சங்க விதி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால்தான் மூன்றாம் ஆண்டாக இந்தப் பதவி என் தலையில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். புரியாதவர்களுக்குப் பொருளாளர் பிறகு ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்வார். அவர் சுருக்கும்போது குறைகள் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆகவே முடிந்தவரை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் எண்ணிக்கை 74இலிருந்து 58ஆகக் குறைந்திருக்கிறது. செயற்குழு ஒன்பது முறை கூடியது, இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் இல்லாமல் கலைந்தது. ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுத்தோம். ஆடி மாதத்தில் கூழ் வார்த்தோம். இரண்டுக்கும் ஆள் வந்தது. ஆள் வராதது நம் சங்கம் எதற்காக இருக்கிறதோ அதற்குத்தான், கால்பந்து பார்க்க.

நம் கூடத்தில் 80 நாற்காலிகள் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் இங்கிலாந்து லீக் ஆட்டம் பார்க்க முன்பெல்லாம் நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைத் தூக்கி வருவோம். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நான் விரித்துப் போட்டவை பன்னிரண்டு. மீதி சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. மகளிர் குழுவினர் செய்த பீன்ஸ் பன்னியில், அதாவது ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பியதில், பாதி மிஞ்சியது. அதைக் கட்டிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

வராமல் நின்றவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சண்டை போட்டுக்கொண்டு போனவர் ஒருவர்கூட இல்லை. லிவர்பூல்காரர்களுக்கும் மான்செஸ்டர்காரர்களுக்கும் இடையில் திரைக்கு அருகே யார் உட்காருவது என்று 2019இல் நடந்த தகராறு உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தகராறு இருந்த ஆண்டில் உறுப்பினர் சேர்க்கை கூடியது. இப்போது எல்லோரும் ஒரே மாதிரி, "வரக் கூடாது என்றில்லை அண்ணா, தோன்றவில்லை" என்கிறார்கள். இதற்கு மருந்து தெரியவில்லை.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆட்ட நேரத்தைத் தொலைக்காட்சி தன் வசதிக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறது, திங்கள் இரவில் ஆட்டம் வைத்தால் பஜனைக் குழுவிடம் போய்க் கூடத்துக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றார் ஒருவர். ஜெர்சி வாங்கிய பையன் அதைத் துவைத்துக் காயப்போடுவதற்குள் ஆட்டக்காரர் வேறு கிளப்புக்குப் போய்விடுகிறார் என்றார் இன்னொருவர். 2017இல் பிரேசில் ஆட்டக்காரர் நெய்மாருக்காகப் பாரிஸ் கிளப் 222 மில்லியன் யூரோ கொடுத்த அன்றே தன் ஆர்வம் செத்துப்போனது என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர். அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் அவர் என்பதை மரியாதையுடன் பதிவு செய்கிறேன்.

காணொளி நடுவர் விஷயத்தில் எனக்கே ஒரு புகார் உண்டு. செப்டம்பரில் ஒரு கோல் விழுந்தது. நம் துணைத் தலைவர் டீக் கோப்பையோடு பாதி எழுந்தார். கோல் செல்லுமா என்று திரையில் கோடு போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. முழங்கால் வலிக்காரர், இரண்டு நிமிடம் அப்படியே குனிந்து நின்றார். கோல் செல்லும் என்று அறிவித்தபோது, "சரி" என்று சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

பந்தயம் இதைவிடப் பெரிய நோய். தன் அணி மூன்றாவது கோல் போட்டதும் நம் இளம் உறுப்பினர் ஒருவர் "ஐயோ" என்றார். மூன்று கோலுக்குக் குறைவாகத்தான் விழும் என்று பணம் கட்டியிருந்தாராம். பிறகு ஒரு சாதாரண கார்னருக்கு நாற்காலியை விட்டுக் குதித்தார். ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்த தாத்தா அவரைக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. இளைஞரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நம் நாட்டு முதல்நிலை லீக்கே 2024 முதல் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயரில்தான் நடக்கிறது. இங்கிலாந்துக் கிளப்புகள் 2025-26 பருவத்தோடு சட்டையின் மார்பிலிருந்து பந்தய விளம்பரத்தை எடுத்துவிட ஒப்புக்கொண்டிருக்கின்றன. கைப்பகுதிக்கு அந்தத் தடை இல்லை.

நியாயமாக இருக்க வேண்டுமானால் ஜூன் 21ஆம் தேதியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 32 அணிகளைக் கூட்டி நடத்திய கிளப் உலகக் கோப்பை வெறும் பண வேட்டை என்று நாம் இந்தக் கூடத்திலேயே தீர்மானம் போட்டோம். அன்று நம் நாட்டு மாமெலோடி சன்டவுன்ஸ், ஜெர்மனியின் டோர்ட்மண்டை எதிர்த்து ஆடியது. சின்சினாட்டியில் நண்பகல் வெயில். டோர்ட்மண்டின் மாற்று ஆட்டக்காரர்கள் முதல் பாதியை உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தே பார்த்தார்கள். இங்கே மாலை 6 மணி, குளிர். சன்டவுன்ஸின் ரிபெய்ரோ கோஸ்டா பந்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓடிப் போய் முதல் கோலைப் போட்டபோது கூடத்தில் 80 நாற்காலியும் நிறைந்திருந்தது. கடைசியில் 4-3 என்று தோற்றோம். நாட்டின் பெரும் பணக்காரக் குடும்பத்தின் அணி அது, அதற்காகக் கண் கலங்கியவர்களில் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் இருந்தார். ஆகவே, பணம் வந்ததால் ஆட்டம் கெட்டது என்று மட்டும் எழுதிக் கையைக் கழுவிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்டில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். காவடிக்கு அடிக்கும் உருமியை மானிங் ரேஞ்சர்ஸ் ஆட்டத்துக்கும் தூக்கி வந்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருக்காக இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு அவருடைய மகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து சங்கத்திடம் கொடுத்தார். உள்ளே ரப்பர் வளையம் போட்ட டிக்கெட் கட்டு ஒன்று இருந்தது. வளையம் தொட்டதும் பொடிந்தது. ஒரு டிக்கெட்டில் மழை பட்டு மை கரைந்து, விலை இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும் இருக்கிறது.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மானிங் ரேஞ்சர்ஸ் 1928இல் தொடங்கிய கிளப். இந்தியர்கள் எந்த மைதானத்தில் ஆடலாம், யாரோடு ஆடலாம் என்று அரசாங்கம் தீர்மானித்த காலம் முழுவதையும் தாண்டி வந்தது. இன்றைய பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவம் 1996-97. கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ் என்ற மாபெரும் பெயர்களைத் தாண்டி, கார்டன் இகெசுண்ட் பயிற்சியில், அந்த முதல் பட்டத்தை வென்றது நம் சாட்ஸ்வொர்த் அணி. நம் சங்கம் பிறந்ததே அந்த அணியின் வெளியூர் ஆட்டங்களுக்குப் பஸ் பிடிக்கத்தான்.

பிறகு அணி முதல்நிலையிலிருந்து இறங்கியது, கடனில் விழுந்தது. 2006இல் ஒரு நிதி நிறுவனம் அதை வாங்கிக் கேப் டவுனுக்குக் கொண்டுபோனது. ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ் என்று பெயர். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் கவிழ்ந்தது, அணி இகாபா ஸ்போர்ட்டிங் ஆனது. நம் நாட்டில் இப்படித்தான், கிளப்பை விற்பது என்றால் லீக்கில் அதற்கு இருக்கும் இடத்தை விற்பது. வாங்குபவர் வேறு ஊருக்கு எடுத்துப்போகலாம், பெயரை மாற்றலாம். 1921இல் தொடங்கிய விட்ஸ் கிளப் நூற்றாண்டுக்கு ஓராண்டு இருக்கையில் 2020இல் விற்கப்பட்டு லிம்போபோ மாகாணத்துக்குப் போனது. 2021இல் புளூம்ஃபான்டேன் கெல்டிக்கின் இடத்தை நம் மாகாணத்து ராயல் ஏ.எம். வாங்கியது. அந்த ராயல் ஏ.எம்.மையே வரிப் பாக்கி விவகாரத்தில் சென்ற ஏப்ரலில் லீக் வெளியேற்றிவிட்டது. சென்ற ஆண்டு சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டும் விற்கப்பட்டு, புளூம்ஃபான்டேனில் சிவெலெலே என்ற பெயரில் ஆடுகிறது. சிவெலெலே என்பது கெல்டிக் ரசிகர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட பெயர். அணியை விற்ற பிறகு மிஞ்சியிருந்தது அந்தப் பெயர்தான், அதற்கும் இப்போது ஒரு லீக் இடம் கிடைத்திருக்கிறது.

டின்னைப் பார்த்த அன்று இரவு 2006ஆம் ஆண்டின் கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். நம் அணி போனபோது நாம் என்ன செய்தோம் என்று அறிய விரும்பினேன். இப்படி எழுதியிருக்கிறது: "ரேஞ்சர்ஸ் விஷயம் பேசப்பட்டது. அடுத்து, கூடத்துக்கு டிஷ் வாங்க ஏகமனதாக முடிவாயிற்று." கையெழுத்து என் அண்ணனுடையது. ஏகமனதில் நானும் இருந்தேன்.

லண்டனில் விம்பிள்டன் கிளப்புக்கும் இதே கதிதான். அதை மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அதே ஆண்டில் பொதுத் திடலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் புதிய கிளப் தொடங்கினார்கள். அடித்தட்டு லீக்கிலிருந்து ஏறி 2011இல் ஃபுட்பால் லீக் என்ற முதல் நான்கு நிலைகளுக்குள் வந்தார்கள், 2020இல் தங்கள் பழைய தெருவுக்கே புது மைதானத்தோடு திரும்பினார்கள். 2016இல் லிவர்பூல் ரசிகர்கள் 77 பவுண்ட் டிக்கெட்டை எதிர்த்து, சரியாக 77ஆம் நிமிடத்தில் மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள். கிளப் பணிந்தது. 2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள் தமக்கென்று தனி லீக் அறிவித்தபோது ரசிகர்கள் தெருவில் நின்றார்கள், ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் இரண்டே நாளில் விலகின. அந்த இரண்டு நாளும் நாம் இந்தக் கூடத்தில் கடுமையாகக் கொதித்தோம். கொதித்தபடியே அந்த மாத டிஷ் சந்தாவையும் கட்டினோம். அவர்களுக்கு வெளியேறிப் போக ஒரு மைதானம் இருந்தது. நமக்கு அணைக்க ஒரு பொத்தான் இருந்தது, அதை அணைக்கவில்லை.

இந்தப் பகுதியைச் செயற்குழுவில் வாசித்தபோது, ஆண்டறிக்கையில் இதெல்லாம் தேவையா என்று கேட்டார்கள். தேவை என்று நினைத்ததால் நீக்கவில்லை.

இனி நவம்பர் சிறப்புக் கூட்டம். டிஷ் சந்தாவை நிறுத்தி, அந்தப் பணத்தைச் சிறுவர் ஆட்டத்துக்குச் செலவிடுவது என்ற தீர்மானம் 21க்கு 17 என்ற கணக்கில் நிறைவேறியது. 2026 ஜூன் 11இல் நம் நாட்டு அணியான பஃபானா பஃபானா மெக்சிகோவுடன் ஆடி உலகக் கோப்பையைத் தொடங்கிவைக்கும் என்று டிசம்பர் குலுக்கலில் தெரிந்ததும், தீர்மானத்தை ஆதரித்தவர்களில் நால்வர் மறுபரிசீலனை கேட்டு எழுதினார்கள். 48 அணிகள், 104 ஆட்டங்கள், தேவைக்கேற்ப ஏறும் டிக்கெட் விலை என்று அதுவரை திட்டியவர்கள்தான். மகளிர் குழுத் தலைவி, "நம் நாட்டு ஆட்டத்தை என் வீட்டு முற்றத்தில் பார்க்கலாம், நாற்காலியை மட்டும் கொண்டுவாருங்கள்" என்றார். விஷயம் அத்துடன் முடிந்தது.

சனிக்கிழமை காலைச் சிறுவர் ஆட்டம் சென்ற பிப்ரவரியிலேயே தொடங்கியிருந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள், இரண்டு அணி, பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுகிறார்கள். வெல்பெடாக்ட்டிலிருந்து ஏழு பிள்ளைகள் டாக்சி பிடித்து வருகிறார்கள், திரும்பும் செலவைச் சங்கம் ஏற்கிறது. கோல் கம்பங்களுக்கு வலை இல்லாமல், பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். ஒரு சிறுமி பந்து போன தடத்தைப் புல்லில் விரலால் காட்டி வாதாடினாள். எந்தக் காணொளி நடுவரையும்விட நன்றாக வாதாடினாள். இருந்தாலும் வலை வாங்கிவிட்டோம்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. தணிக்கையாளர் ஒரே ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறார், ஜூலை மாத எண்ணெய் ரசீது பற்றி. அது கூழ் வார்ப்புக் கணக்கு, ரசீது கிடைத்துவிட்டது. கூடத்துக்கு வெள்ளையடித்தவர்களுக்கும், மழையில் வந்து ஓடு மாற்றியவருக்கும் நன்றி. நிலுவைச் சந்தா வைத்திருக்கும் பதினொரு பேர் யார் என்று வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

கூரை மீதிருக்கும் டிஷ்ஷை இறக்க வேண்டும். நீளமான ஏணி வைத்திருக்கும் உறுப்பினர் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
சாட்ஸ்வொர்த், ஜனவரி 2026