வார்டன் கையெழுத்து போதாது

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை விடாமல் போடு. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்.

உன் மகளின் ஆய்வை, மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) திருப்பி அனுப்பிவிட்டது என்று கொதித்துப்போய் எழுதியிருந்தாய். விடுதி மாணவிகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல காரியம்தானே, அதற்கு எதற்கு இத்தனை காகிதம் என்று கேட்டிருந்தாய். நீ தப்பான ஆளிடம் கேட்டுவிட்டாய். இங்கே ஒரு மருத்துவக் கல்லூரிக் கமிட்டியில் நானும் உறுப்பினர். மருத்துவம் தெரியாத சாமானியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், விதி சொல்கிறது. ஓய்வுபெற்ற வாத்தியார் கையில் கிடைத்தார், பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

வார்டன் கையெழுத்து இருந்தும் ஏற்கவில்லை என்பதுதானே உன் பெரிய குறை? அங்கே நான் இருந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஒரு ஆய்வுத் திட்டத்துக்காகப் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். குஜராத்தில் வதோதராவிலும் நடந்தது. பல சிறுமிகள் பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தது பிறகு தெரியவந்தது. சில சிறுமிகள் இறந்தார்கள். அதற்குத் தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை. 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள், 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு காய்ச்சி எடுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நெறிமுறைகளை எழுதிக்கொடுக்கும் ஐசிஎம்ஆரே அந்தத் திட்டத்தில் ஒரு கூட்டாளி!

அங்கேயும் நல்ல காரியம் என்றுதான் ஆரம்பித்தார்கள். வார்டன் பேச்சைத் தட்ட விடுதிப் பிள்ளைக்குத் துணிச்சல் வருமா? அதனால்தான் பெற்றோர் சம்மதம் வேண்டும், அதோடு பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். பெற்றோருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும். நான் இன்னொன்றும் கேட்பேன்: ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் மிகக் குறைவாக வந்தால் உன் மகள் என்ன செய்வாள்? மாத்திரை கொடுக்க, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு உண்டா, இல்லை எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடுவாளா? அதை அவள் விண்ணப்பத்தில் எழுதியே ஆக வேண்டும்.

மனிதர்களுக்கு மட்டுமில்லை, விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கும் தனிக் கமிட்டி உண்டு. எலி, முயல் என்றால் கல்லூரிக் கமிட்டியே முடிவு செய்யலாம், நாய், குரங்கு என்றால் டெல்லி வரை, மத்திய அரசின் கமிட்டிக்கே போக வேண்டும். ஏன் இத்தனை எலி, குறைத்தால் ஆகாதா, வலி தெரியாமலிருக்க என்ன மருந்து என்று குடைவார்கள். நாம் பி.எஸ்ஸி.யில் மெழுகுத் தட்டில் தவளையைக் குத்தி வைத்து அறுத்தோமே, யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? புத்தகம், மாதிரி, படம் போதுமென்றால் கல்லூரிகளில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து விடாமல் வாதாடியதால் பிறந்த சட்டம் அது. விலங்கியல் வகுப்பில் அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நிறுத்தச் சொன்னதோ 2014-ல். நம் தவளைகளுக்கு அது ரொம்பத் தாமதம்.

உன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. எல்லாக் கேள்வியையும் அனுமதிக்கு முன்னால்தான் கேட்கிறோம். அனுமதி கொடுத்த பிறகு களத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியதும் கமிட்டியின் வேலைதான். ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்கலாமே, வண்டி ஏற்பாடு செய்யுங்கள் என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். காற்புள்ளி தவறுக்கு மூன்று வாரம் இழுத்தடிக்கும் ஆட்களும் உண்டு.

உன் மகளிடம் சொல்: பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் போய் உட்காரட்டும். பாதிப் பேருக்கு மேல் அங்கேயே கிடைப்பார்கள், மிச்சப் பேரை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். திருத்திய படிவத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி தபாலில் போடச் சொல். எனக்கே புரியாத வரி இருந்தால் அந்த அம்மாக்களுக்கும் புரியாது.

தை பிறந்ததும் அந்தப் பக்கம் வருகிறேன். அதற்குள் நீ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருப்பாய்.

அன்புடன்,
ராமு