ஒரு டெசிபெல் கூடுதல்

ரோஸ்ஹில், மொரீஷியஸ்,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை, தூக்கம் கெட்டதுதான் காரணம். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் புதிதாக ஒரு குளிர் அறை வைத்திருக்கிறார். அதன் கம்ப்ரசர் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே சுவரில் உட்கார்ந்திருக்கிறது. பத்து மணிக்குத் தெரு அடங்கியதும் அதன் ராஜ்ஜியம்தான். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சுருதி. ஒருநாள் பொறுக்க முடியாமல் இரண்டு மணிக்கு எழுந்து சுருதிப் பெட்டியை எடுத்து ஒத்துப் பார்த்தேன். பாட்டுக்காரர்களின் சுருதிக் கணக்கில் இரண்டரைக் கட்டைக்கு மயிரிழை கீழே. வீட்டுக்காரி வந்து, "கடைக்காரருக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்த விஷயத்தில் உங்கள் சட்டம் கெடுபிடியா, எங்கள் சட்டமா என்று நீ கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது கரைத்துக் குடித்திருக்கிறேன், கேள்.

எங்கள் மொரீஷியஸ் விதி 1997இல் வந்தது. குடியிருப்புப் பகுதிக்குக் காலை 7 முதல் மாலை 6 வரை 60 டெசிபெல், 6 முதல் இரவு 9 வரை 55, அதற்குப் பிறகு விடியற்காலை 7 வரை 50. தொழிற்சாலை என்றால் இரவில் 55 வரை போகலாம். நல்லவேளை, எங்கள் கடையை யாரும் தொழிற்சாலை என்று சொல்லவில்லை. ஆக, எங்களுக்கு இருப்பது ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் குற்றம், தாண்டாவிட்டால் நீ தூங்குகிறாயா விழித்திருக்கிறாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

உங்களுக்கு அப்படி ஒரு கோடே இல்லை. உங்கள் ரீயூனியன் தீவு பிரான்ஸைச் சேர்ந்ததால் பிரெஞ்சுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அங்கேயும் செல்லுமல்லவா? அதன்படி கடை, பட்டறை போன்றவற்றின் சத்தத்தை எவ்வளவு என்று பார்ப்பதில்லை, இருந்ததைவிட எவ்வளவு கூடியது என்று பார்க்கிறார்கள். பகலில் 5 டெசிபெல் கூடலாம், இரவு 10 முதல் காலை 7 வரை 3தான். சத்தம் கொஞ்ச நேரமே வந்து போனால் அதற்குச் சலுகை உண்டு. மொத்தம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் இன்னும் 6 கூட்டிக்கொள்ளலாம். நேரம் ஏற ஏறச் சலுகை குறைந்து, எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது.

இதைப் படித்ததும் எனக்கு உன் ஊர்மேல் பொறாமை வந்தது. காரணம் சொல்கிறேன். முதலில் கைபேசியில் அளந்தேன், 52 காட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று புகார் கொடுத்தேன். அதிகாரி சரியான கருவியோடு வந்து, முக்காலியில் வைத்துச் சராசரி எடுத்தார். 46. என் முகம் தொங்கிவிட்டது. கடைக்காரரிடம் சொல்லி கம்ப்ரசரை நிறுத்தி இன்னொரு முறை அளந்தார். 34. பன்னிரண்டு வித்தியாசம்! உன் ஊர் சேன்த் ஆந்த்ரேயில் இதே கம்ப்ரசர் இருந்தால் எந்தச் சலுகை கொடுத்தாலும் தப்பியிருக்காது. இங்கே 50க்குள் இருப்பதால் அது உத்தமன்.

அதற்காக உங்கள் முறை எல்லா இடத்துக்கும் நல்லது என்று நினைக்காதே. பெரிய சாலை ஓரம் வீடு என்று வை. ஏற்கெனவே 58 இரைச்சல். அங்கே ஒரு இயந்திரம் வந்து அதை 60 ஆக்கினால் உங்கள் கணக்கில் தப்பே இல்லை. அடுத்த ஆண்டு இன்னொன்று வந்தால் அந்த 60தான் புதிய பழைய சத்தம். சத்தத்தில் வாழ்கிறவனுக்கு இன்னும் சத்தம். அமைதியான சந்துக்கு உங்கள் சட்டமும் சாலையோர வீட்டுக்கு எங்கள் சட்டமும் இருந்தால் தேவலை. யார் கேட்கப் போகிறார்கள்?

சரி, கதை அங்கே முடியவில்லை. எங்கள் விதியின் அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. விடாமல் ஒரே சுருதியில் வரும் ஊளையோ சீறலோ என்றால் அளந்த எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளலாம். அதிகாரியிடம் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். நான் சுருதிப் பெட்டியை அழுத்திக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 46உம் 5உம் 51. ஒரு டெசிபெல் கூடுதல்! மோக்காவில் நம் பாட்டு வாத்தியார் சுருதி விலகினால் தலையில் குட்டுவாரே, அந்தக் குட்டெல்லாம் இத்தனை வருஷம் கழித்துப் பலன் கொடுத்திருக்கிறது.

இனி உன் கோவில் விவகாரம். கோவிலில் அடிக்கும் தப்பு மேளத்தின் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் புதியவர் புகார் சொல்கிறார் என்று கொதித்திருந்தாய். மனிதரும் வளர்ப்பு மிருகங்களும் போடும் சத்தத்துக்கு உங்களிடம் அளவுக்கருவியே தேவையில்லை. நேரம், திரும்பத் திரும்ப வருவது, உரப்பு, இந்த மூன்றில் ஒன்று மிஞ்சினாலே போதும். ஆனால் 2024 ஏப்ரலில் பிரான்ஸில் ஒரு சட்டம் வந்தது. முன்பே நடந்துகொண்டிருந்த ஒன்றின் பக்கத்தில் பிறகு குடிவந்தவர் அதைத் தொல்லை என்று சொல்லி நஷ்டஈடு கேட்க முடியாது. சேவல் கூவுவதற்குக்கூட அங்கே 2021இல் ஒரு சட்டம் போட்டார்கள். கூவியதற்காக வழக்கு வந்து 2019இல் ஜெயித்த ஒரு சேவலின் பெயர் மொரீஸ். பிரெஞ்சில் மொரீஸ் என்றால் எங்கள் நாடுதானே, அந்தப் பெயரை ஒரு சேவலுக்கு வைத்திருக்கிறார்கள் பார்!

ஆனால் ஒன்று சொன்னால் கோபிக்காதே. அந்த 2024 சட்டத்தில் நிபந்தனை உண்டு. மற்றச் சட்டங்களை மீறாமல், முன்பு நடந்தது போலவே நடக்க வேண்டும். போன வருஷம் உங்கள் கமிட்டி நாலு பெரிய ஸ்பீக்கர் வாங்கிக் கூரையில் கட்டியது என்று நீதானே பெருமையாக எழுதினாய்? தப்பு மேளம் உங்கள் தாத்தா காலத்தது. ஸ்பீக்கர் அப்படியா? அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் புகார் தப்பு மேளத்தைப் பற்றியதுதானா என்று இன்னொரு முறை படித்துப் பார்.

தைப்பூசத்துக்கு வந்துவிடு. முக்கால் மணி நேர விமானம்தானே. பின்கட்டு அறையைத் தருகிறேன், அங்கே கம்ப்ரசர் கேட்காது. காலையில் காத்தோ பிமா, அதுதான் நம் பருப்பு வடை, சுடச்சுட வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: கடைக்காரர் கம்ப்ரசருக்கு அடியில் ரப்பர் வைத்து, விசிறியையும் மாற்றிவிட்டார். சத்தம் பாதியாகக் குறைந்தது. இதை எழுதும்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒன்றரைக் கட்டை.