ஹேண்ட்பேனுக்கு எந்தச் சுருதி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைகளால் தட்டி வாசிக்கும் எஃகுக் கருவியான ஹேண்ட்பேனை வாங்குவோருக்கான தங்கள் கட்டுரையில், நடு 'ஏ' சுரம் 432 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சுருதியே இயற்கையோடு இயைந்தது என்றும் 440-ஐத் தவிர்ப்பது நலம் என்றும் எழுதப்பட்டிருந்தது. புதிதாகக் கற்க விரும்புவோரை இது தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும் என்று அஞ்சுகிறேன்.

ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. அந்த வினாடியோ மனிதர் வகுத்துக்கொண்ட அளவு. ஆகவே 432 என்ற எண்ணுக்கு இயற்கையில் தனி மதிப்பு இருக்க வழியில்லை. 440-உம் ஓர் உடன்பாடுதான். பிரான்ஸ் 1859-இல் 435-ஐச் சட்டமாக்கியது. 440 பின்னாளில்தான் சர்வதேசத் தர அளவாயிற்று. பிற கருவிகளில் பெரும்பாலானவை இன்று அதில் சேர்ந்து ஒலிக்கின்றன என்பதே அதன் சிறப்பு.

432-க்கும் 440-க்கும் உள்ள இடைவெளி, பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தனியாகக் கேட்கும்போது பலருக்கு அது புலப்படாது. ஆனால் 440-இல் அமைந்த பியானோவுடன் 432 ஹேண்ட்பேனைச் சேர்த்து வாசித்தால், நடு 'ஏ' சுரத்தில் ஒலி ஏறி இறங்கும் விம்மல்கள் வினாடிக்கு எட்டு எழுந்து காதை உறுத்தும். கிட்டார்க்காரர் முறுக்காணியைத் திருப்பி இறங்கி வந்துவிடலாம். ஹேண்ட்பேனுக்கு முறுக்காணி ஏது? அதன் ஒவ்வொரு சுரப் பரப்பிலும் அடிப்படைச் சுரம், அதன் மேல்ஸ்தாயி, அதற்கும் மேலுள்ள பஞ்சமம் ஆகிய மூன்றும் 1:2:3 என்ற விகிதத்தில் ஒலிக்குமாறு எஃகைச் சுத்தியலால் தட்டிச் சீராக்குகிறார்கள். ஒரு சுரத்தைத் திருத்தத் தட்டினால் பக்கத்துச் சுரமும் அசைந்துவிடும். வாங்கிய பின் மாற்ற நினைப்பவர் தேர்ந்த கைவினைஞரையே நாட வேண்டியிருக்கும்.

என்றாவது பிறருடன் சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் 440-ஐத் தேர்ந்தெடுப்பதே சரி. தனிமையில் மட்டும் வாசிப்பவர், சற்றே தாழ்ந்த ஒலி தமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக 432-ஐ எடுப்பதில் எந்தப் பிழையும் இல்லை, அது ரசனை. ஆனால் ஒரே கைவினைஞர் ஒரே சுரவரிசையில் செய்த இரண்டையும், எது எதுவென்று அறியாமல் கேட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். வேறுபட்ட கருவிகளை ஒப்பிட்டால், தகட்டின் தரத்தையும் வேலைப்பாட்டையும் சுருதியின் குணமென்று எண்ணிவிடுவோம். வெயிலில் சூடேறிய எஃகு சுருதி இறங்கி ஒலிக்கும் என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தவையாகவும் இருக்கட்டும்.

இவ்விளக்கத்தையும் வாசகர்களுக்குத் தெரிவிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்