பாலம் விற்பனைக்கு இல்லையே

மட்டக்களப்பில் காணியும் வீடும் விற்றுத் தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய இணையத்தளத்தைப் பார்த்துவிட்டு, நானும் மனைவியும் கல்லடியிலிருந்து ஆட்டோ பிடித்துத் திமிலைதீவுக்குப் போனோம். 12 பேர்ச்சஸ் காணி, சுற்றிவர வேலி, மூன்று தென்னை என்று போட்டிருந்தது. போய் இறங்கினால் வேலி இருந்த இடத்தில் புதுத் தகரம். உள்ளே அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வளவில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தார். இந்தக் காணியைக் கேட்டு வந்தவர்களில் நாங்கள் நான்காவது கூட்டமாம். அந்த விளம்பரம் இன்றைக்கும் தளத்தில் இருக்கிறது.

இங்கே வீடு பெண்பிள்ளைக்குப் போவது. ஆகவே ஒரு காணியைத் தாய், தகப்பன், மாமா, கனடாவில் இருக்கும் தமையன் என்று குடும்பமே பார்த்த பிறகுதான் பேச்சு நகரும். எல்லோரும் பார்ப்பது கைபேசியில். உங்கள் தளமோ திறந்தவுடன் கல்லடிப் பாலத்துக்கு மேலால் பறக்கும் காணொளியைக் காட்டுகிறது. அழகுதான், ஆனால் பாலம் விற்பனைக்கு இல்லையே. அது ஓடி முடிவதற்குள் எங்கள் டேட்டா பாதி தீர்ந்துவிடுகிறது.

இன்னொரு தளத்தில் தமிழ்ப் பக்கத்தைத் தொட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த அரைப்புள்ளிகள்தாம் நம் மெய்யெழுத்துகளின் தலையில் இருக்க வேண்டிய புள்ளிகள். பாமினி இல்லாத கைபேசிக்கு இது எப்படித் தெரியும்? எந்தக் கைபேசியும் காட்டும் யுனிகோடில் மாற்றிக் கொடுங்கள், அரைநாள் வேலை. தொலைபேசி எண்ணையும் படமாகப் போடாதீர்கள். தொட்டால் அழைப்பு போகவேண்டும்.

ஆனால் நாங்கள் உண்மையில் தேடுவது காணியைப் பற்றிய விவரம். அது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள உறுதிக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பதை எந்தத் தளமும் முதல் வரியில் சொல்வதில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் காணியை அரச அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதை மூன்றாவது சந்திப்பில், தேநீர் கொடுத்துவிட்டுச் சொல்கிறீர்கள். கடலோரக் காணியிலும் இதே கதைதான். கரையோர வலயம் கடலிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை வருகிறது, அதற்குள் வீடு கட்ட அனுமதி எடுக்க வேண்டும். படத்துக்குக் கீழே ஒரு வரி போதும்.

வெள்ளத்தையும் எழுதுங்கள். படங்கள் எல்லாம் ஆவணி வெயிலில் எடுத்தவை. மார்கழியில் வாவி ஏறும்போது அதே வளவில் தண்ணீர் எதுவரை நிற்கும், வீதி தெரியுமா, கிணற்றுத் தண்ணீர் உவரா? இதைச் சொன்னால் ஆள் ஓடிவிடும் என்று நினைக்கிறீர்கள். ஓடுகிறவர் எப்படியும் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு ஓடத்தான் போகிறார்; அதற்கு முன் உங்கள் ஆளின் ஒரு நாளையும் பெற்றோலையும் கரைத்துவிடுவார்.

விலை என்ற இடத்தில் 'அழைக்கவும்' என்று போடுவதை விடுங்கள். பேசித் தீர்க்கலாம் என்றாலும் தொடக்க விலை ஒன்று வேண்டும். பேர்ச்சஸுக்குப் பக்கத்தில் சதுர அடியையும் எழுதினால், ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி என்று தமையனுக்கு நள்ளிரவில் நான் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். கல்லடிக்கும் நாவற்குடாவுக்கும் இடையில், 10 பேர்ச்சஸுக்குக் குறையாமல், உறுதிக் காணி, நல்ல தண்ணீர்க் கிணறு. இந்த நான்கையும் விலையையும் எந்தத் தளத்தில் முதலில் காண்கிறோமோ, அந்த எண்ணை அன்றைக்கே தொடுவோம்.

இப்படிக்கு,
இளைய மகளுக்குக் காணி தேடும் ஒரு தகப்பன்
கல்லடி