முழங்காலும் ஒரு சோடி சப்பாத்தும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். இங்கே ஜப்பானில், நகானோவில் குளிர் தொடங்கிவிட்டது. நுவரெலியாக் குளிரெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சம்பளக் கதையைப் போன ஞாயிறு போனில் சொல்லிவிட்டேன். இது உங்கள் முழங்காலுக்காக எழுதுகிற கடிதம்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பக்கத்தில் சின்னப் பூங்கா ஒன்று. காலை 6.30க்கு அங்கே நம் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மாதிரி வயசாளிகள் கூடிவிடுகிறார்கள். தப்பு மேளத்துக்குப் பதில் ரேடியோவில் பியானோ. கங்காணி மட்டும் இல்லை. குரல் சொல்லச் சொல்லக் கையை வீசி, இடுப்பை வளைத்து, துள்ளி, மொத்தம் 13 அசைவு. மூன்று நிமிடத்தில் முதல் பகுதி முடிந்துவிடும். ராஜியோ தைசோ என்று பெயர், 1928இல் தொடங்கியது. போருக்குப் பிறகு கொஞ்சக்காலம் நின்றுபோய், இப்போதுள்ளது 1951இல் வந்ததாம். நிற்க முடியாதவர்கள் கதிரையில் இருந்தே செய்கிறார்கள்.

டொக்டர் சொல்லித்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பாட்டியிடம் கேட்டேன், 84 வயது. "டொக்டர் சொன்னது ஒரு கிழமைதான் ஓடியது. இப்போது நான் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள்" என்றார். இன்னொரு தாத்தா, கக்கூசுக்குப் போக யாரையும் கூப்பிடக் கூடாது, அதற்குத்தான் என்றார். முடிந்ததும் குடிக்கும் சீனி போடாத தேத்தண்ணிக்காக வருகிறவர்களும் உண்டு. (அதைக் குடித்தால் நீங்கள் துப்பிவிடுவீர்கள்.)

"கூடையோடு மலை ஏறின காலுக்கு என்னடி எக்சசைஸ்?" என்று கேட்பீர்கள். ஏறினீர்கள், சரி. வேலையை விட்டு நின்ற பிறகு? இஸ்தோப்பில் உட்கார்ந்தே இருந்தால் அந்தத் தசை கரைந்துவிடும். எந்த வயதில் தொடங்கினாலும் கொஞ்சமாவது திரும்பி வரும் என்று வேலைப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். கிழமைக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கைக் கேட்டு விடியற்காலையில் எழும்பின ஒருவரையும் நான் இங்கே காணவில்லை.

அதனால் உங்களிடம் கணக்குச் சொல்லப் போவதில்லை. கீழ் லயத்து அத்தையிடம் பேசிவிட்டேன். நாளையிலிருந்து பின்னேரம் நாலரைக்கு உங்களைக் கூப்பிட வருவார். கோயில் வரைக்கும் போய் வாருங்கள். அவருக்கும் தனியாகப் போகச் சோம்பல்தான்.

சப்பாத்து வாங்கக் காசு போட்டிருக்கிறேன். ஹட்டனில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தம்பி கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்